டிசைன் 1969... டூட்டி சியாச்சினில்! 'சீட்டா' ஹெலிகாப்டருக்கு ஏன் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை?

20 லிட்டர் தண்ணீர் கேன். நம்ம ஊரில் கேன் போடும் அண்ணன் அதைத் தோளில் வைத்துக்கொண்டு மூணு மாடி ஏறிவிடுவார். சியாச்சின் பனிமலையின் மிக உயரமான சில ராணுவச் சாவடிகளுக்கு ஒரு ஹெலிகாப்டர் ஒரு நடையில் கொண்டுபோக முடிவதும் கிட்டத்தட்ட அந்த எடைதான். மண்ணெண்ணெய் கேன் ஒன்று, இல்லையென்றால் கொஞ்சம் மாவு, மருந்து, ஊரிலிருந்து வந்த கடிதங்கள். இறக்கிவிட்டு, எஞ்சினை அணைக்காமலே உடனே கிளம்பிவிட வேண்டும். அடுத்த கேனுக்கு அடுத்த நடை.

அந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஹெலிகாப்டரின் பெயர் 'சீட்டா'. முதன்முதலில் அது பறந்தது 1969-ல். அதாவது இன்று அதை ஓட்டும் பைலட்டுகள் பலரின் அப்பாக்களே அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார்கள்.

சீட்டா விபத்து என்று செய்தி வரும்போதெல்லாம் சோஷியல் மீடியாவில் ஒரே கேள்விதான்: 'இதையெல்லாம் இன்னுமா ஓட்டுறாங்க?' நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம்.

யூட்டிலிட்டி ஹெலிகாப்டர்னா என்ன?

ராணுவ ஹெலிகாப்டர் என்றதும் சினிமாவில் குண்டு மழை பொழியும் வண்டிதான் பலருக்கு ஞாபகம் வரும். அது 'அட்டாக்' ரகம். யூட்டிலிட்டி ரகம் வேறு. சரக்கு வாகனங்களில் நம்ம ஊர் 'குட்டியானை' எப்படியோ, ஹெலிகாப்டர்களில் இது அப்படி. இன்றைக்குக் காய்கறி, நாளைக்கு வீடு மாற்றும் சாமான், அவசரமென்றால் ஆளையும் ஏற்றிக்கொள்ளும். ரேஷன் கொண்டுபோவது, காயம்பட்டவரைத் தூக்கி வருவது, எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்துச் சொல்வது, அதிகாரிகளை ஏற்றிச் செல்வது என எல்லாமே இதன் வேலை.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2021 டிசம்பர் 8-ல் குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உயிரிழந்த விபத்தில் சிக்கியது எம்ஐ-17வி5. அது ரஷ்யத் தயாரிப்பு, இரட்டை எஞ்சின், நடுத்தர எடை ரகம். சீட்டா அதற்குப் பக்கத்தில் நின்றால் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஆட்டோ நிற்கிற மாதிரி இருக்கும். ஒரே எஞ்சின், பைலட்டையும் சேர்த்து ஐந்து பேருக்கு இடம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கூண்டு, வால் பகுதியில் தகடே கிடையாது. வெறும் கம்பிச் சட்டம், செல்போன் டவரைப் படுக்கப்போட்டது போல.

பிரான்ஸில் பிறந்து பெங்களூரில் வளர்ந்தது

கதை பிரான்ஸில் தொடங்குகிறது. 1955-ல் அங்கே 'அலுவெட் 2' என்ற ஹெலிகாப்டர் பறந்தது. அலுவெட் என்றால் பிரெஞ்சில் வானம்பாடி. அதுவரை ஹெலிகாப்டர்களில் பெரும்பாலும் கார் எஞ்சின் போன்ற பிஸ்டன் எஞ்சின்கள்தான். எடை அதிகம், சக்தி குறைவு. அலுவெட் 2-ல் சின்ன டர்பைன் எஞ்சினைப் பொருத்தினார்கள். எடை குறைந்து சக்தி கூடியது. ஹெலிகாப்டர் வரலாற்றைப் புரட்டிப்போட்ட மாற்றம் அது.

அடுத்து வந்த 'அலுவெட் 3' கொஞ்சம் பெரியது, ஏழு பேர் உட்காரலாம். 1962-ல் இதைத் தயாரிக்கும் உரிமத்தை இந்தியா வாங்கியது. சீனாவுடன் போர் நடந்த அதே ஆண்டு. மலையில் சண்டை என்றால் ஹெலிகாப்டர் இல்லாமல் முடியாது என்பதை அந்தப் போர் வலிக்க வலிக்கச் சொல்லிக்கொடுத்தது. பெங்களூரில் எச்ஏஎல் நிறுவனம் தயாரித்த அலுவெட் 3-க்கு ராணா பிரதாப்பின் குதிரையின் பெயரை வைத்தார்கள்: சேத்தக். ஆமாம், பஜாஜ் ஸ்கூட்டருக்கும் அதே குதிரைதான்!

ஆனால், இமயமலையின் உச்சிக்கு சேத்தக்கும் போதவில்லை. அதற்காகவே 1968-ல் ஒரு புது வடிவமைப்பு தொடங்கியது. அலுவெட் 2-இன் லேசான உடம்பை எடுத்து, அதில் அலுவெட் 3-இன் எஞ்சினையும் ரோட்டரையும் பொருத்தினார்கள். ஒல்லியான ஆளுக்குப் பயில்வானின் கை கால்களை மாட்டிவிட்ட மாதிரி. பிரான்ஸில் அதன் பெயர் 'லாமா'. 1969 மார்ச் 17-ல் முதல் பறத்தல். அதே ஆண்டு இமயமலையில் சோதனை ஓட்டம் நடந்தது. சுமார் 7,500 மீட்டர் உயரத்தில் இறங்கி, திரும்பவும் கிளம்பிக் காட்டியது.

1970-ல் லாமாவுக்கான உரிமமும் இந்தியாவுக்கு வந்தது. 1972 அக்டோபரில் எச்ஏஎல் பொருத்திய முதல் ஹெலிகாப்டர் பறந்தது. இங்கே வைத்த பெயர், சீட்டா. இன்றுவரை சேத்தக், சீட்டா இரண்டும் சேர்த்து 600-க்கும் மேற்பட்ட ஹெலிகாப்டர்களை எச்ஏஎல் தயாரித்திருக்கிறது.

எஞ்சின் நின்றும் உயிரோடு இறங்கிய மனிதர்

1972 ஜூன் 21. பிரான்ஸின் இஸ்திர் விமான தளத்திலிருந்து ஜான் பூலே என்ற சோதனை பைலட் ஒரு லாமாவை மேலே கொண்டுபோனார். தேவையில்லாத எல்லாவற்றையும் கழற்றிப்போட்டு எடையைக் குறைத்திருந்தார்கள். 12,442 மீட்டர். அடியில் சொன்னால் சுமார் 40,820. பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரம் அது. வெளியே மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே.

இறங்குவதற்காக அவர் சக்தியைக் குறைத்தபோது எஞ்சின் அணைந்துவிட்டது. திரும்பப் பற்றவே இல்லை!

அப்புறம் எப்படித் தப்பித்தார்? 'ஆட்டோரொட்டேஷன்' என்றொரு உத்தி இருக்கிறது. மகோகனி மரத்தின் விதை கீழே விழும்போது சுழன்று சுழன்று மெதுவாக இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஹெலிகாப்டர் கீழே இறங்கும்போது எதிரே வரும் காற்றே இறக்கைகளைச் சுழற்றும். எஞ்சின் இல்லாமலே வேகத்தைக் கட்டுப்படுத்தித் தரைக்கு வந்துவிடலாம். பூலே அப்படித்தான் அவ்வளவு உயரத்திலிருந்தும் பத்திரமாக வந்து சேர்ந்தார். உயரத்துக்கு ஒரு சாதனை, எஞ்சின் இல்லாமல் இறங்கியதற்கு இன்னொரு சாதனை. ஒரே டிக்கெட்டில் இரண்டு.

மேலே போனால் ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஹெலிகாப்டர் காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே நிற்கிறது. 20,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட பாதி. தள்ளுவதற்கே காற்று இல்லை. எஞ்சினும் மூச்சுத்திணறும், ஏனென்றால் அதற்கும் எரிய காற்று வேண்டும். ஆக ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அடி.

சீட்டாவின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. அதன் ஆர்டூஸ்ட் எஞ்சின் 870 குதிரைத்திறன் வரை தரக்கூடியது. ஆனால், 550-க்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். கீழே இருக்கும்போது மிச்ச சக்தி சும்மாதான் கிடக்கும். மேலே ஏற ஏற, எஞ்சினின் மொத்த சக்தி குறையும்போது அந்தச் சேமிப்பு கைகொடுக்கும். மற்ற ஹெலிகாப்டர்கள் நாக்குத் தள்ளும் உயரத்திலும் சீட்டாவுக்கு அந்த 550-ஐ நெருங்கிக் கொடுக்க முடியும். சம்பளத்தில் கொஞ்சத்தைத் தொடாமல் வைத்து மாசக் கடைசியை ஓட்டுவதைப் போன்ற ஏற்பாடு.

அப்படியும் மேலே போகும்போது கையில் மிச்சமிருக்கும் சக்தி மிகக் குறைவு. அதனால்தான் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. எரிபொருளைக்கூட போய்வரத் தேவையான அளவே நிரப்புவார்கள். வெயில் ஏறினால் காற்று இன்னும் லேசாகிவிடும், மலைக்காற்றும் கிளம்பிவிடும். எனவே விடியற்காலையிலேயே பறக்கத் தொடங்கிவிடுவார்கள். பனியின் மேல் இறங்கும்போது இறக்கைக் காற்றில் கிளம்பும் பனித்தூள் கண்ணை மறைக்கும். எங்கே தரை, எங்கே வானம் என்றே தெரியாது. பைலட் ஆக்சிஜன் முகமூடி போட்டபடிதான் இத்தனையையும் சமாளிக்க வேண்டும்.

சியாச்சின்: 17 நடைகள்

சியாச்சின் பனிமலையில் இந்திய விமானப்படையின் சேத்தக் முதன்முதலில் இறங்கியது 1978 அக்டோபர் 6-ல். ஆறு ஆண்டுகள் கழித்து, 1984 ஏப்ரல் 13-ல் 'ஆபரேஷன் மேகதூத்' தொடங்கியது. பாகிஸ்தான் படை வருவதற்குள் கணவாய்களைப் பிடித்துவிட வேண்டும். சுமார் 18,000 அடி உயரத்தில் இருக்கும் பிலாஃபோண்ட் லா கணவாய்க்குக் கேப்டன் சஞ்சய் குல்கர்னி தலைமையில் குமாவோன் ரெஜிமெண்ட் வீரர்களைக் கொண்டுபோய் இறக்கியவை சீட்டாக்கள். ஒவ்வொரு நடையிலும் ஓரிருவர்தான். மொத்தம் 17 நடைகள். முப்பது பேரை இறக்கி முடித்தபோது கணவாய் இந்தியாவின் கையில் இருந்தது.

பிடித்தது ஒரு நாளில். ஆனால் அங்கே இருந்துகொண்டே இருக்க வேண்டுமே? சாலை கிடையாது. மரம் கிடையாது. குடிக்க வேண்டுமென்றால் பனியை உருக்க வேண்டும், உருக்க மண்ணெண்ணெய் வேண்டும், மண்ணெண்ணெய்க்கு ஹெலிகாப்டர் வேண்டும். லே-யில் இருக்கும் 114-வது ஹெலிகாப்டர் பிரிவுக்கு 'சியாச்சின் முன்னோடிகள்' என்றே பெயர் வந்துவிட்டது. 1986-ல் தரைப்படைக்கெனத் தனி ஏவியேஷன் பிரிவு உருவான பிறகு அவர்களும் இந்த வேலையில் சேர்ந்துகொண்டார்கள்.

2016 பிப்ரவரி 3-ஐத் தமிழ்நாடு மறந்திருக்காது. 19,000 அடிக்கும் மேலே இருந்த சோனம் சாவடியில் பெரிய பனிப்பாறைச் சரிவு. மெட்ராஸ் ரெஜிமெண்டின் பத்து வீரர்கள் புதைந்துபோனார்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். கல் போல் இறுகிய பனியை வெட்டும் கருவிகள், மீட்பு ஆட்கள் எல்லாம் வானத்து வழியாகத்தான் போயாக வேண்டியிருந்தது. ஆறாவது நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு தோண்டி எடுக்கப்பட்டார். ஹெலிகாப்டரில் கீழே கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து டெல்லி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பிப்ரவரி 11-ல் உயிரிழந்தார். மற்ற ஒன்பது பேரும் பனிக்குள்ளேயே இறந்திருந்தார்கள்.

மலையில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் ஒரே உருப்படியான மருந்து, உடனே கீழே இறக்குவது. பல மணி நேரம் ஸ்ட்ரெச்சரில் தூக்கிவர முடியாத இடத்தில், அந்தச் சின்ன கண்ணாடிக் கூண்டின் சத்தம் கேட்பதும் கேட்காததும்தான் ஒருவர் பிழைப்பாரா என்பதை முடிவு செய்கிறது. இந்த ஹெலிகாப்டரைத் திட்டுபவர்களும் இதை மறுப்பதில்லை.

போர்க்களத்திலும் ஆஜர்

1971-ல் வங்கதேச விடுதலைப் போரில் ஒரு சுவாரசியமான சம்பவம் உண்டு. புதிதாக உருவான வங்கதேச விமானப்படையிடம் இருந்தவை இந்தியா கொடுத்த மூன்று வண்டிகள் மட்டும்தான். அதில் ஒன்று அலுவெட் 3. நாகாலாந்தின் திமாப்பூரில் அதற்கு ராக்கெட்டும் எந்திரத் துப்பாக்கியும் மாட்டி, பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 'கிலோ ஃப்ளைட்' என்று பெயர். டிசம்பர் 3 இரவு அந்தக் குட்டி ஹெலிகாப்டர் நாராயண்கஞ்ச் எண்ணெய்க் கிடங்கைத் தாக்கியது. ரேஷன் மூட்டை தூக்க வேண்டிய வண்டி!

கார்கில் போரில் காயமடைந்தவர்களைக் கொண்டுவந்தவை, எதிரி நிலைகளை வேவு பார்த்தவை என்று சீட்டாக்களுக்கு நீண்ட பட்டியல் இருக்கிறது. ஜான்வி கபூர் நடித்த 'குஞ்சன் சக்சேனா' படம் பார்த்திருந்தால், அந்த நிஜ பைலட் கார்கிலில் ஓட்டியது சீட்டாதான். படத்தால் அவர் பெயர் வெளியே தெரிந்தது. அதே களத்தில் சீட்டா ஓட்டிய ஸ்ரீவித்யா ராஜனின் பெயர் அவ்வளவாகத் தெரியவில்லை என்பது தனிக்கதை.

கடற்படையில் சேத்தக்கிற்கு வேறொரு வேலை. விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து போர் விமானங்கள் கிளம்பும்போதும் இறங்கும்போதும் பக்கத்திலேயே பறந்துகொண்டு நிற்கும். யாராவது கடலில் விழுந்தால் நொடியில் தூக்க வேண்டும்.

அப்போ பிரச்சினை என்ன?

வயசு. அதோடு சேர்ந்துவரும் எல்லாமும்.

சீட்டாவில் ஆட்டோபைலட் கிடையாது. மோசமான வானிலையை முன்கூட்டியே காட்டும் ரேடார் கிடையாது. எதிரே மலை வருகிறது என்று எச்சரிக்கும் கருவி கிடையாது. 800 ரூபாய் ஹெட்செட்டில்கூட ஆயிரம் வசதி எதிர்பார்க்கும் காலத்தில், இதில் மேகத்துக்குள் மாட்டினால் பைலட்டின் கண்ணும் கையும் அனுபவமும்தான் துணை. எஞ்சினும் ஒன்றே ஒன்றுதான்.

2014 அக்டோபரில் பரேலியில் நடந்த சீட்டா விபத்தில் மூன்று ராணுவ அதிகாரிகள் இறந்தார்கள். அதன் பிறகு ராணுவ அதிகாரிகளின் மனைவிகள் சிலர் ஒன்றுசேர்ந்து, இந்தப் பழைய ஹெலிகாப்டர்களை நிறுத்துங்கள் என்று பாதுகாப்பு அமைச்சரிடமே மனு கொடுத்தார்கள். ராணுவக் குடும்பங்கள் இப்படிப் பொதுவெளியில் பேசுவது அபூர்வம். 2016 நவம்பரில் மேற்கு வங்கத்தின் சுக்னாவில் மீண்டும் மூன்று அதிகாரிகள். 2022 மார்ச்சில் காஷ்மீரின் குரேஸ், அக்டோபரில் அருணாச்சலின் தவாங், 2023 மார்ச்சில் மறுபடியும் அருணாச்சல்.

எல்லா விபத்துக்கும் பழைய டிசைன்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இந்த ஹெலிகாப்டர்கள் பறக்கும் இடம் அப்படி. புது வண்டியையும் அந்த மலைகள் சும்மா விடாது. ஆனால், நவீன கருவிகள் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாமோ என்ற கேள்வியை அந்தக் குடும்பங்களிடமிருந்து யாராலும் பிடுங்க முடியாது. அயர்லாந்து 2007-லும், சுவிட்சர்லாந்து 2010-லும் தங்கள் அலுவெட் 3-களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டன. சுவிஸிலும் மலைதான்.

மாற்ற முயற்சியே நடக்கலையா?

நடந்தது. திரும்பத் திரும்ப நடந்தது. அதுதான் சோகம்.

197 ஹெலிகாப்டர் வாங்கும் டெண்டரில் யூரோகாப்டரின் 'ஃபெனெக்' முன்னணிக்கு வந்தது. 2007 டிசம்பரில் அந்த டெண்டர் ரத்து. அடுத்த ஆண்டு திரும்பவும் டெண்டர். 2014 ஆகஸ்டில் அதுவும் ரத்து. 2015-ல் ரஷ்யாவுடன் சேர்ந்து 200 காமோவ்-226டி ஹெலிகாப்டர்களைத் தயாரிக்க ஒப்பந்தம். விலை எவ்வளவு, எத்தனை சதவீதம் உள்நாட்டிலேயே செய்வது என்ற பேச்சிலேயே அது முடங்கியது.

இடைக்காலத் தீர்வாக எச்ஏஎல், சீட்டாவுக்குப் புது எஞ்சின் மாட்டி 'சீத்தல்' என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. சீத்தல் என்றால் புள்ளிமான். இதயம் புதுசு, உடம்பு பழசு. பெரிய ரகமான 'துருவ்' ஹெலிகாப்டர்களும் மலைப்பகுதிக்கு வந்தன. ஆனால், 2025 ஜனவரி 5-ல் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து நொறுங்கியதும், நாடு முழுக்க மொத்த துருவ் படையையும் பல வாரங்கள் தரையில் நிறுத்திவைத்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் தாத்தாவைத்தானே வேலைக்குக் கூப்பிட வேண்டியிருக்கும்?

நிஜமான மாற்று என்று காட்டப்படுவது எச்ஏஎல்-இன் எல்யூஎச். உள்நாட்டிலேயே வடிவமைத்தது. கண்ணாடித் திரை காக்பிட், புது 'சக்தி' எஞ்சின். முதல் பறத்தல் 2016 செப்டம்பர் 6. 2020-ல் லடாக் உயரங்களில் சோதனையும் நடந்தது. இதைத் தயாரிக்கவே கர்நாடகாவின் துமகூருவில் கட்டிய தொழிற்சாலையை 2023 பிப்ரவரி 6-ல் பிரதமர் மோடி திறந்துவைத்தார். முதல்கட்டமாகத் தரைப்படைக்கு ஆறு, விமானப்படைக்கு ஆறு என்று 12 மட்டும். இதுவும் ஒற்றை எஞ்சின்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகம் இன்னொரு கதவையும் தட்டியது. தரைப்படைக்கு 120, விமானப்படைக்கு 80 என 200 இலகு ரக ஹெலிகாப்டர்களுக்காக நிறுவனங்களிடம் தகவல் கேட்டது. டெண்டருக்கே முந்தைய படி அது. 2007-லிருந்து பார்த்துவருபவர்களுக்கு இந்தப் படிகள் நன்றாகவே பழக்கம்.

அதுவரை? லடாக்கில் விடியும்போது சீட்டாக்கள் கிளம்பிக்கொண்டுதான் இருக்கும். அதன் அண்ணன் சேத்தக்கைப் பார்க்க அவ்வளவு தூரம் போகக்கூட வேண்டாம். அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியில் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கே பைலட்டுகள் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொண்டதெல்லாம் சேத்தக்கில்தான். சென்னை - காட்பாடி ரயிலில் போகும்போது ஜன்னலோரம் பட்படவென்று ஒரு சின்ன ஹெலிகாப்டர் தாழப் பறந்தால், ஒரு நிமிஷம் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பாருங்கள்.